பழைய மோட்டார் எஞ்சின்களில் கேம் தண்டின் தேய்மானமும் தடுப்பு முறைகளும்

எஞ்சினின் வால்வுகளை உரிய தருணத்தில் திறக்கச் செய்யும் உறுப்பு கேம் தண்டு ஆகும். கிராங்க் தண்டு இருமுறை சுழலுங்கால் இது ஒருமுறை சுழலும். இதன் முட்டை வடிவான முகடுகள் டாப்பெட்டுகளை உயர்த்துகின்றன. பழைய அம்பாசடர் கார்களின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் போன்றவற்றில் டாப்பெட்டின் அடிப்புறம் உருளையின்றி முகட்டின் மீது நேராகவே உராய்கின்றது. வால்வு வில்லின் அழுத்தம் முழுவதும் அங்கு ஒரு குறுகிய கோட்டளவான இடத்தில் விழுவதால், எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடுகின்றது.

இந்நிலையில் உலோகத்தைக் காப்பது, எண்ணெயிற் கலந்துள்ள துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ஒரு சேர்மமாகும். உராய்வின் வெப்பத்தால் இது சிதைந்து உலோகத்தின் மீது மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றது. ஆனால் பாஸ்பரஸ், புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும் இயல்புடையது. ஆதலின் 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், மெல்லிய பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்களுக்கு அதன் அளவு 0.08 சதவீதத்திற்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. புதிய எஞ்சின்களுக்கு நன்மை பயக்கும் இவ்வெண்ணெய், பழையனவற்றிற்குப் போதிய காப்பளிக்காமற் போகலாம்.

கையாள வேண்டிய முறைகள் வருமாறு:

1. பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 சதவீதம் வரையுள்ளதும், எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட தடிமனுடையதுமான எண்ணெயைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

2. புதிய கேம் தண்டுடன் புதிய டாப்பெட்டுகளையே பொருத்துக. பழைய தண்டை மீண்டும் பொருத்துவதாயின், ஒவ்வொரு டாப்பெட்டும் தன் முகட்டிற்கே திரும்புதல் வேண்டும்.

3. பொருத்துமுன் முகடுகளிலும் டாப்பெட்டுகளின் அடிப்புறத்திலும் இதற்கெனவுள்ள மசகுப் பசையைத் தடவுக.

4. புதிய தண்டுடன் எஞ்சினை முதன்முறை இயக்கியதும் நிமிடத்திற்குச் சுமார் 2000 சுற்றுகளில் 20 நிமிடம் ஓட்டுக. மெதுவாக ஓடவிடலாகாது. குறைந்த வேகத்தில் முகட்டின் நுனி மீது அழுத்தம் மிகும். கிராங்க் தண்டினின்று தெறிக்கும் எண்ணெயோ குறையும். தண்டின் ஆயுள் பெரும்பாலும் இந்த 20 நிமிடங்களிலேயே முடிவாகின்றது.

5. வால்வு இடைவெளியைத் திருத்திய பின்னரும் தட்டும் ஒலி நீங்காது, எஞ்சினின் ஆற்றலும் குன்றுமாயின், ஒவ்வொரு வால்வின் உயர்வையும் டயல் கேஜினால் அளந்து ஒப்பிடுக.

வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள், கழற்றிய டாப்பெட்டின் அடிப்புறத்தை மாணவர்க்குக் காட்டலாம். தேய்வு வட்டமாகவும் சீராகவும் காணப்படின், டாப்பெட் ஓடும்போது தன்னைத்தானே சுழன்றுள்ளது என அறியலாம். ஒரே கோடாகத் தடம் விழுந்திருப்பின், அது சுழலாது நின்றுவிட்டது. அந்த முகடும் விரைவில் அழியும்.