கடல் விட்டால்தான் ஊர் திரும்பலாம்!

"டாக்டர், மே மாசம் அந்தமான் போறோம். டிக்கெட் எடுத்தாச்சு, ஓட்டல் போட்டாச்சு. கப்பல்ல வாந்தி வராம இருக்கறதுக்கு மட்டும் ஏதாவது சூரணம் குடுங்க..."

பிப்ரவரி பிறந்தால் போதும், என் வைத்தியசாலையில் இந்த வசனத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்டுவிடுவேன். சூரணம் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "வீட்ல யார் யார் என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? எத்தனை நாளைக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

"ஆறு நாள் டூர் சார். ஆறு நாளைக்குத்தான்!" என்று பட்டென்று பதில் வரும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற மாதிரி தீவுக்குப் போக முடியாது, வாசகர்களே! மலையில் மாத்திரை தீர்ந்தால் பஸ் பிடித்துக் கீழே வந்துவிடலாம். தீவில் மாத்திரை தீர்ந்தால், படகு விட்டால்தான் வர முடியும். படகு விடுவதைக் கடல் தீர்மானிக்கிறது. 2016 டிசம்பரில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னையைப் புரட்டிப் போட்ட அதே வர்தா புயல், சின்னதாக உருவாகிக்கொண்டிருந்த நேரத்திலேயே அந்தமானில் படகுகளை நிறுத்திவிட்டது. ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்களும் கடலோரக் காவல் படையும் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. அத்தனை பேரில் சர்க்கரைக்காரர்கள், பி.பி.காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

(2018-ல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும், நீலுக்கு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 2024-ல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. நம் ஜனங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. எனக்கும்தான்!)

ஊருக்கு உபதேசம் செய்கிற நானே இந்த விஷயத்தில் ஏமாந்தவன். அதைச் சொல்லாமல் மேலே போனால் நியாயமில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டாரோடு சேர்ந்து எல்லோருமாக அந்தமான் போனோம். பதினொரு பேர். "வைத்தியர் கூட வர்றார், நமக்கென்ன கவலை" என்று எல்லோரும் தைரியமாக வந்தார்கள். நானும் சுக்குப் பொடி, பஞ்ச தீபாக்கினி சூரணம், நிலவேம்புப் பொடி, தைலம், பஞ்சு, கட்டுத்துணி என்று ஒரு பையையே நிரப்பிக்கொண்டு போனேன். அண்ணிக்கு இளவயதிலிருந்தே வலிப்பு உண்டு. வேளை தவறாமல் ஆங்கில மருந்து சாப்பிட்டு, பத்து வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தார். எனக்கும் தெரியும். தெரிந்தும், "அண்ணி, மாத்திரை எத்தனை இருக்கு?" என்று நான் கேட்கவில்லை.

ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை. எண்ணி எடுத்து வந்திருக்கிறார். நீல் தீவில் இருந்தபோது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. படகு ரத்து. மறுநாளும் ரத்து. ஆறாவது நாள் காலையிலிருந்து அண்ணிக்கு மாத்திரை இல்லை. யாரிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. குளியலறை வாசலில் விழுந்து நெற்றியில் காயம் வேறு.

நல்லவேளை, அந்தச் சின்னத் தீவிலும் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருந்தது. கொட்டுகிற மழையில் ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரும் நர்ஸம்மாவும் ஊசி போட்டு, நெற்றிக்குத் தையல் போட்டு, படகு விடுகிற வரைக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். அன்று என் பையிலிருந்த ஒரு மருந்துக்கும் வேலை இருக்கவில்லை.

மயக்கம் தெளிந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சம்பந்தியம்மா எந்நேரமும் பக்கத்துலயே இருந்தாங்க, தம்பி. எப்படிச் சொல்றது? நாளைக்கு என் பொண்ணைத்தானே ஒரு மாதிரி பேசுவாங்க..."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வலிப்பு, மனநோய், ஆஸ்துமா, ஏன், சர்க்கரையைக்கூட மறைக்கிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும்போது மறைத்து மறைத்தே சமாளித்துவிடலாம். தீவில் முடியாது. அதனால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, குடும்பத்தில் வாய் காக்கிற ஒருவர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்துவிட வேண்டும். பெண்களைப் பெண்ணே கேட்பது நல்லது. பயண நாளைவிடக் குறைந்தது ஒரு வாரத்துக்கு அதிகமாக மருந்து வேண்டும். அதில் பாதியைத் துணைக்கு வருபவர் பையில் போடுங்கள். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். விமானத்தில் போனால் மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியோடு அனுப்பாதீர்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனி மாத்திரை தீவில் இல்லாவிட்டாலும் அதே மருந்து வேறு பெயரில் கிடைக்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள், தங்கப்போகிற இடத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, இரவில் கரண்ட் நிற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எதுவும் இல்லையென்றால், தண்ணீர் நிரப்பிய மண் கலயத்துக்குள் சின்ன டப்பாவை மிதக்கவிட்டு, அதில் இன்சுலினை வைத்து, கலயத்தை ஈரத்துணியால் சுற்றி நிழலில் வைக்கலாம். ஐஸ் கட்டியோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது.

இன்னொன்று. "சித்த வைத்தியர்தானே, சர்க்கரை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திட்டு உங்க சூரணத்தைச் சாப்பிடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது! எந்த மருந்தையும் மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் தீவு அல்ல. ஊரில், வைத்தியர் கண்பார்வையில் செய்ய வேண்டிய காரியம் அது.

சரி, எப்போது போகலாம்? மே மாதம் என்று வருகிறவர்களை நான் ஏப்ரலுக்குத் தள்ளப் பார்ப்பேன். பிள்ளைகள் பரீட்சை முடியவில்லை என்றால் மே முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வேன். கேரளாவில் ஜூன் 1 வாக்கில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை, அந்தமானில் அதற்குப் பத்து நாள் முன்பே இறங்கிவிடும். அது போனால் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் ஓரளவு சாதுவாக இருக்கும். அப்போதும் கடைசி இரண்டு நாளைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலையில் வந்து மாலையில் விமானம் ஏறுகிற மாதிரி திட்டம் போட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஜி.பி.பந்த் என்கிற பெரிய ஆஸ்பத்திரியும் போர்ட் பிளேரில்தான் இருக்கிறது. சின்னத் தீவுகளில் இருப்பவை முதலுதவிக்குத்தான். நெஞ்சுவலி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்களும், நிறைமாத கர்ப்பிணிகளும் சின்னத் தீவுகளில் தங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது அந்தச் சூரணம். சென்னையிலிருந்து கப்பலில் போனால் இரண்டரை, மூன்று நாள். ஹேவ்லாக்குக்குப் படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணி நேரம். ஏறுவதற்கு அரை மணி முன்பு கால் டீஸ்பூன் சுக்குப் பொடியைத் தேனிலோ பனைவெல்லத்திலோ குழைத்துச் சாப்பிடுங்கள். குமட்டலுக்கு இஞ்சி, சுக்கு கேட்கும். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். படகின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் உட்கார்ந்து தூரத்துக் கடல் விளிம்பையே பாருங்கள். செல்போனைக் குனிந்து பார்த்தால் சுக்கு என்ன, எதுவும் காப்பாற்றாது! ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சுக்கு எடுக்க வேண்டாம். வாந்தி, பேதி அதிகமானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாம் தலைதட்டிய அளவு. அங்கே இளநீருக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம்.

அந்தமான் கிழக்கே தள்ளியிருந்தாலும் நம் கடிகாரம்தான். அதனால் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வரும். ஊர் சுற்றுவதெல்லாம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். 'அப்புறம் சாப்பிட்டுக்கலாம்' என்று சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படகு ஏறுகிறவர்கள், நடுவழியில் கை நடுங்கி வியர்த்துப்போவார்கள். கையில் வாழைப்பழம், வெல்லக்கட்டி இருக்கட்டும்.

கடலுக்குள் இறங்கும்போது காலில் ரப்பர் செருப்பு அவசியம். பவளப்பாறை கீறினால் லேசான கீறல்தானே என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு, உள்ளே துணுக்கு இல்லாமல் கழுவ வேண்டும். இல்லையென்றால் வாரக்கணக்கில் ஆறாது. பவளத்தைப் பற்பமாக்கி மருந்தாகக் கொடுக்கிற பரம்பரை எங்களுடையது. ஆனாலும் சொல்கிறேன், கரையில் கிடக்கிற செத்த பவளத்தைக்கூட எடுத்து வராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சொறிமீன் பட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் குளிக்காதீர்கள். அது சும்மா பயமுறுத்த வைத்த பலகை இல்லை.

ஸ்கூபா போகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, இதயநோய் உண்டா என்று கேட்டிருக்கும். கொடுத்த காசு வீணாகிவிடுமே என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் இழுப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஸ்கூபா முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் விமானம் ஏற வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

பாராடாங் போகிற சாலை ஜாரவா பழங்குடியினரின் காடு வழியாகப் போகிறது. வண்டிகளை வரிசையாகக் காவலோடு அனுப்புவார்கள். நிறுத்துவது, போட்டோ எடுப்பது, பிஸ்கட் வீசுவது எல்லாம் தடை. இதைச் சட்டமாக மட்டும் நினைக்காதீர்கள். வைத்தியமாகவும் பாருங்கள். நமக்குச் சாதாரணமான நோய்கள் அவர்கள் உடம்புக்குப் பழக்கமில்லாதவை. 1877-ல் வந்த தட்டம்மை, கிரேட் அந்தமானியர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1999-ல் ஜாரவாக்களையும் தட்டம்மை தாக்கியது. அவர்கள் சில நூறு பேர்தான். சளி, காய்ச்சல் இருந்தால் அந்தச் சாலையில் போகாதீர்கள். பிள்ளைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி பாக்கியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

மணல் ஈக்கடிக்கு முழுக்கால் சட்டை, காலில் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் வேப்பெண்ணெயும். சொறியாதீர்கள், புண்ணாகும். காலில் புண்ணோடு சேற்றிலும் தேங்கிய மழைநீரிலும் நடக்காதீர்கள். 1988 தொடங்கி வடக்கு அந்தமானில் திக்லிபூர் பக்கம் ஒரு மர்மக் காய்ச்சல் பலரை வாட்டியது. ரத்தம் கக்கியவர்கள்கூட உண்டு. அது எலிக்காய்ச்சல் என்று 1990-களில்தான் கண்டுபிடித்தார்கள்.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டு வீட்டிலேயே நாளைக் கடத்தாதீர்கள். குடிநீரைத் தயாரித்துக் கொடுக்கிற நானே சொல்கிறேன், முதலில் ரத்தப் பரிசோதனை. மலேரியாவா, டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று தெரிய வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள், "அந்தமான் போயிட்டு வந்தேன் டாக்டர், இந்தத் தேதியில" என்று.