வீட்டிலிருந்தே படிக்கும் பாடம்: மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கு உணவு

 

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ள வாப்பாவை, உம்மாவை, மாமியாரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்களால், அவர்களைத் தனியே விட்டுவிட்டு டவுனில் நடக்கும் பயிற்சிக்கு வர முடிவதில்லை. அதனால் பாடத்தையே வீட்டுக்கு அனுப்புகிறோம். வாசிக்க இயலாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். கிராமத்தில் இருக்கும் உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள்.

முதலில் ஒன்றை மனதில் கொள்வோம். சாப்பிட மறுப்பது பிடிவாதம் அல்ல, நோய். பசி தெரிவதில்லை, தட்டில் இருப்பது உணவு என்று புரிவதில்லை, மென்று விழுங்குவதும் மறந்து போகிறது. அதட்டினால் வாயை இன்னும் இறுக மூடிக்கொள்வார்கள்.

செய்ய வேண்டியவை:

1. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணுக்குப் பிடிபடாது. பூ வேலை இல்லாத, நிறமுள்ள தட்டில் வையுங்கள்.

2. டிவியை நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பண்டம் போதும். நீங்களும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்த்து அவர்களும் சாப்பிடுவார்கள்.

3. ஒரு நாளில் ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்து சேராது. குழைந்த சோற்றில் பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், தயிர் சேருங்கள்.

4. சோற்றைப் பிசைந்து உண்ண முடியாதவருக்கு, கையில் பிடித்துச் சாப்பிட இட்லித் துண்டு, வாழைப்பழம் கொடுங்கள்.

5. தாகத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். அடிக்கடி சிறிது தண்ணீர் கொடுங்கள்.

6. படுக்க வைத்து ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். உண்டபின் 30 நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும்.

சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, புரையேறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். 2 கிலோ குறைந்தால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பிட மறுத்தால், சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். அந்த நாளில் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ரமலானில் சிலர் பழைய பழக்கத்தில், நோன்பு என்று சொல்லி உண்ண மறுப்பார்கள். புத்தித் தெளிவை இழந்தவர் மீது நோன்பு கடமையில்லை. வாதாடாமல், சற்று நேரம் கழித்து அவர்களுக்குப் பிரியமானதை முன்னே வையுங்கள். மற்ற சந்தேகங்களை ஆலிமிடம் கேளுங்கள்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வேளையும் ஒரே பெண் ஊட்டினால் அவரும் நோயாளி ஆவார். ஒரு வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் போனில் "சாப்பிட்டாங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "எவ்வளவு சாப்பிட்டாங்க? நீ சாப்பிட்டியா?" என்றும் கேளுங்கள்.

வீட்டுப் பயிற்சி: 7 நாட்களுக்கு ஒரு நோட்டில் நேரம், உணவு, அளவு, தண்ணீர், இருமல் ஆகியவற்றைக் குறியுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். முதியோருக்கான அரசின் இலவச உதவி எண் 14567.

அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், குளிப்பாட்டுவது பற்றிப் பார்ப்போம்.