பேரேட்டு அண்ணாச்சியும் எக்ஸெல் பட்டியலும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம். உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" இந்த மாதம் அதற்கு ஒரு பதில் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் இருந்தால், அவற்றுக்கு எக்ஸெல் தொகுப்பில் ஒரு பட்டியல் தயாரியுங்கள். காமிக்ஸ் இல்லை என்றால் நாவல்கள், அஞ்சல் தலைகள், பாட்டு கேசட்டுகள் என எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். முறை ஒன்றுதான்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் மவுஸைக் கையில் பிடித்ததே இல்லை. முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர்

எங்கள் ஊர் எப்போதும்வென்றான். மழை பெய்தால் உளுந்து, பாசி, பருத்தி. பெய்யாவிட்டால் வெடித்த கரிசல் மண். இங்கிருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போய், ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி வருகிறார் அண்ணாச்சி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்துச் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது அண்ணாச்சி பள்ளிச் சிறுவன். முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்த நாளிலிருந்து அவருக்குக் காமிக்ஸ் பைத்தியம்.

மற்றவர்கள் புத்தகம் சேர்த்தார்கள். அண்ணாச்சி விவரம் சேர்த்தார். கணக்கு எழுதும் நீள நோட்டில் கோடு போட்டு, இதழ் எண், தலைப்பு, நாயகர், மாதம், வருடம், விலை, பக்கங்கள் என்று வரிசையாக எழுதுவார். கடைசியில் ஒரு கட்டம். அதில் 'பார்த்தது' அல்லது 'கேட்டது' என்று இருக்கும். புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து எழுதினால் 'பார்த்தது'. யாரோ சொன்னதை வைத்து எழுதினால் 'கேட்டது'.

ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டில் பழைய இதழ் இருக்கிறது என்று விசாரித்து பஸ் ஏறுவார். "எனக்குப் புத்தகம் வேண்டாம்யா, அட்டையையும் முதல் பக்கத்தையும் பார்த்துட்டுப் போயிடுதேன்" என்பார். இன்று தமிழ் காமிக்ஸ் ரசிகர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிறார்கள். அங்கே ஒரு கதை எந்த வருடம் வந்தது என்று சண்டை வந்தால், அண்ணாச்சியின் மகள் நோட்டின் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து அனுப்புவார். சண்டை முடிந்துவிடும். இதற்காக அண்ணாச்சி யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பஸ் கட்டணமும் அவர் சொந்தக் காசுதான்.

பட்டியலால் என்ன பயன்?

"பட்டியல் போட்டு என்ன ஆகப் போகிறது?" என்று நானும் ஒருமுறை கேட்டேன். அதற்குப் பதில், அண்ணாச்சியைப் போன்ற இன்னொருவரின் கதையில் இருக்கிறது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பேராசிரியராக இருந்தவர் ஜெர்ரி பெய்ல்ஸ் (1933-2006). ஓய்வு நேரத்தில் காமிக்ஸ் ரசிகர். 1961-ல் 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். அக்காலத்து அமெரிக்க காமிக்ஸ்களில் கதை எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்கள் பெரும்பாலும் அச்சாவதில்லை. பெய்ல்ஸ் கடிதம் எழுதிக் கேட்டும், படங்களை ஒப்பிட்டும் அந்தப் பெயர்களைச் சேகரித்தார். ஹேம்ஸ் வேர் என்பவருடன் சேர்ந்து, 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக அமெரிக்க காமிக்ஸ் கலைஞர்களின் விவரப் பட்டியலை வெளியிட்டார். பின்னர் அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு சென்று, வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார்.

பேட்மேன் 1939-ல் வெளிவந்தது முதல் பாப் கேன் என்ற ஒருவர் பெயர் மட்டுமே அதில் வந்துகொண்டிருந்தது. ஆனால் பாத்திரத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்து, தொடக்கக் கதைகளையும் எழுதியவர் பில் ஃபிங்கர். 1965-ல் பெய்ல்ஸ் அவரிடமே பேசி, உண்மையை ரசிகர்களுக்கான ஒரு சிறு சுற்றிதழில் எழுதினார். பாப் கேன் அதை மறுத்துக் கடிதம் எழுதினார். ஃபிங்கர் 1974-ல் இறந்தபோதும் அவர் பெயர் பேட்மேனில் இல்லை. பல ஆண்டுகள் பலரும் தேடி எழுதி, குடும்பத்தாரும் கேட்ட பிறகு, 2015-ல் தான் பதிப்பகம் ஃபிங்கரின் பெயரையும் சேர்ப்பதாக அறிவித்தது. அன்று பெய்ல்ஸ் எழுதி வைக்காமல் விட்டிருந்தால்? அண்ணாச்சியின் 'பார்த்தது, கேட்டது' கட்டத்தின் மதிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

1994-ல் தொடங்கிய 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' என்ற திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சம்பளமின்றி இதே வேலையைச் செய்து வருகிறார்கள். சரியாகத் தெரியாத பெயருக்கு அங்கே கேள்விக்குறி போடுவார்கள். அண்ணாச்சியின் 'கேட்டது' போலத்தான்.

இனி பாடம்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம். மெனு பெயர்கள் சற்று மாறும், வேலை ஒன்றுதான்.

1. தமிழில் டைப் செய்யுங்கள்: விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்குவேஜ் பகுதிக்குச் சென்று தமிழ் மொழியைச் சேர்த்து, அதற்கான கீபோர்டு பட்டியலில் தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். இது யூனிகோட் முறை. பழைய தமிழ் எழுத்துருக்களில் டைப் செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் பட்டியல் புரியாத குறியீடுகளாகத் தெரியும். எனவே யூனிகோட் மட்டுமே பயன்படுத்தவும்.

2. தலைப்புகள்: முதல் படுக்கை வரிசையில், ஒரு செல்லுக்கு ஒன்றாக இவற்றை டைப் செய்யவும்: காமிக்ஸ், இதழ் எண், தலைப்பு, நாயகர், மாதம், வருடம், விலை, பக்கங்கள், எழுதியவர், வரைந்தவர், ஆதாரம், குறிப்பு. பின் வியூ டேப்பில் ப்ரீஸ் பேன்ஸ் கிளிக் செய்து, ப்ரீஸ் டாப் ரோ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எவ்வளவு கீழே சென்றாலும் தலைப்புகள் கண்ணில் தெரியும்.

3. ஒரு செல்லில் ஒரு விவரம்: 'ஜூலை 1984, ரூ.2' என்று ஒரே செல்லில் எழுதாதீர்கள். மாதம் தனி, வருடம் தனி, விலை தனி. மாதத்தை எண்ணாக, அதாவது ஜூலை என்றால் 7 என்று டைப் செய்யுங்கள். பெயராக எழுதினால் எக்ஸெல் அகர வரிசைப்படி அடுக்கி, ஆகஸ்டை ஜனவரிக்கு முன்னால் கொண்டு வந்துவிடும். விலை செல்லில் 'ரூ.' வேண்டாம், எண் மட்டும் போதும்.

4. ஒரே பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்: 'முத்து' என்று ஓரிடத்திலும் 'முத்து காமிக்ஸ்' என்று வேறிடத்திலும் எழுதினால், கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள். இதைத் தடுக்க, காமிக்ஸ் நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்யவும். டயலாக் பாக்ஸில் அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் பெட்டியில் முத்து, லயன், ராணி என்று காற்புள்ளியிட்டு டைப் செய்து ஓகே தட்டவும். இனி அந்தச் செல்லில் ஒரு சிறிய அம்புக்குறி தோன்றும். அதைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்தால் போதும்; எழுத்துப் பிழைக்கே இடமில்லை. ஆதாரம் என்ற வரிசைக்கும் இப்படியே 'பார்த்தது, கேட்டது' என இரண்டு சொற்களைக் கொடுத்துவிடுங்கள்.

5. அடுக்குதல்: பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கர்சரை வைத்து, டேட்டா டேப்பில் சார்ட் கிளிக் செய்யவும். முதலில் வருடம், பின் ஆட் லெவல் கொடுத்து மாதம். ஓர் எச்சரிக்கை: ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்காதீர்கள். அந்த வரிசை மட்டும் இடம் மாறி, ஒரு புத்தகத்தின் விலை இன்னொரு புத்தகத்துக்குப் போய்விடும். தவறிச் செய்துவிட்டால் உடனே கண்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்துங்கள். பழைய நிலை திரும்பும்.

6. தேடுதல்: டேட்டா டேப்பில் பில்டர் கிளிக் செய்தால் ஒவ்வொரு தலைப்பிலும் அம்புக்குறி வரும். ஆதாரம் என்பதில் 'கேட்டது' என்பதற்கு மட்டும் டிக் அடையாளம் விடுங்கள். இன்னும் நேரில் சரிபார்க்க வேண்டிய புத்தகங்கள் மட்டும் திரையில் நிற்கும். எத்தனை என்பது கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். அடுத்த ஞாயிறு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்கான பட்டியல் இதுதான்.

7. சேமித்தல்: வழக்கமான எக்ஸெல் பைலுடன், சேவ் அஸ் மூலம் இன்னொரு பிரதியையும் எடுங்கள். எந்தத் தொகுப்பிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி வகைதான் அது. ஆனால் அந்த மெனுவில் யூடிஎப்-8 என்று குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்வியையே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

நான் செய்த தவறு

அடுத்த பாடத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம். 2017-ல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது, அண்ணாச்சியின் முதல் நோட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு மாதம் உட்கார்ந்து அறுநூறு வரிகளுக்கு மேல் டைப் செய்தேன். ஒரே லேப்டாப்பில், ஒரே பைல். நோட்டை வீட்டில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் சாரல் அடித்து, மை கரைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. "டைப் செய்தாயிற்றே" என்று அலட்சியமாக இருந்தேன். அடுத்த மாதம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை.

நாற்பது வருட உழைப்பு. ஒரு வாரம் அண்ணாச்சி வீட்டுத் தெருப்பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. கடைசியில் போய்ச் சொன்னேன். நனைந்த நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுன கை இருக்குல்லா தம்பி. புது நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். அடுத்த ஞாயிறே பஸ் ஏறினார். இந்தமுறை நானும் கூடப் போனேன்.

8. பேக்கப்: எனவே வாசகர்களே, மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறோர் இடத்தில். வேறோர் இடம் என்றால் கூகுள் டிரைவாக இருக்கலாம், வெளியூர் உறவினர் வீட்டுப் பென் டிரைவாகவும் இருக்கலாம். பைல் பெயரில் தேதியையும் சேர்த்துவிட்டால் எது புதியது என்று குழப்பம் வராது. ஜெர்ரி பெய்ல்ஸ் 1960-களிலேயே பழைய காமிக்ஸ்களை மைக்ரோபிலிமில் படமெடுத்து வைத்தவர். பேக்கப்பின் அருமை தெரிந்த மனிதர்!

ஒரு முக்கியக் குறிப்பு: பட்டியல் போடுவது வேறு, புத்தகத்தையே ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்புவது வேறு. பின்னது காப்புரிமை மீறல். லயன், முத்து இதழ்கள் 2012-ல் புதுப்பொலிவுடன் திரும்பி, எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. புதிய இதழைக் காசு கொடுத்து வாங்குங்கள்; விவரத்தைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அண்ணாச்சியின் கொள்கையும் இதுவே.

இப்போது நிலவரம்

புது நோட்டில் அண்ணாச்சி எழுத எழுத நான் டைப் செய்கிறேன். இழந்த வரிகளில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. எங்கள் பழைய தமிழ் இதழ்கள் பலவற்றிலும் மூலக் கதையை எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் இருக்காது. அந்த இரண்டு நெட்டு வரிசைகளை நான் சேர்த்தபோது அண்ணாச்சி வியந்து பார்த்தார். முதல் வரியிலேயே தொடங்கினோம். இரும்புக்கை மாயாவி 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் அறிமுகமான பாத்திரம். உருவாக்கி எழுதியவர் கென்னத் புல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இரண்டு பெயர்களையும் திரையில் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டுமுறை வாய்விட்டுப் படித்தார். "அம்பது வருசமா இந்தப் படத்தைப் பார்க்கேன். வரைஞ்சவன் பேரு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். தம் நோட்டிலும் எழுதிக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் மட்டும், மறக்காமல், 'கேட்டது' என்று போட்டார்.

பயிற்சி: இன்று இரவே பத்துப் புத்தகங்களை எடுத்து, பன்னிரண்டு தலைப்புகளின்கீழ் டைப் செய்து பாருங்கள். தெரியாத செல்லை ஊகத்தால் நிரப்பாமல் காலியாக விடுங்கள். உறங்கப் போகுமுன் கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி, பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.