கணிப்பொறியின் இரு குரல்கள்

கணிப்பொறிக்குக் குரல்கள் இரண்டு உண்டு. பாட்டையும் பேச்சையும் இனிமையாக எடுத்தொலிப்பது ஒன்று. அது மேசைமேல் வைத்த ஒலிபெருக்கிகளின் வழியே வருவது. மற்றொன்று பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று எழும் சிறு கூவல். முன்னதை யாவரும் விரும்பிக் கேட்பர். பின்னதைப் பொருட்படுத்துவார் அரியர். ஆயினும் பொறிக்குப் பழுது நேர்ந்த வேளையில் முதலில் வாய் திறப்பது இச்சிறு குரலே.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதனுள் இரண்டேகால் அங்குல அளவுள்ள ஒலிபெருக்கி ஒன்றை அமைத்தனர். அது ஒலிக்கும் விதம் அறியத்தக்கது. அப்பொறியில் இன்டெல் 8253 என்னும் சில்லு ஒன்று இருந்தது. அதனுள் எண்ணிகள் மூன்று. ஒன்று காலத்தைக் கணக்கிடும். மற்றொன்று நினைவகத்தில் உள்ளவை அழியாதவாறு புதுப்பிக்கத் துணைசெய்யும். மூன்றாவது ஒலிக்கென விடப்பட்டது. இவ்வெண்ணிகளுக்கு நொடிக்கு ஏறத்தாழ 11,93,182 துடிப்புகள் வந்துகொண்டிருக்கும். அவற்றை 2,712 ஆல் வகுக்குமாறு மூன்றாம் எண்ணிக்குக் கட்டளையிட்டால், நொடிக்கு ஏறக்குறைய 440 அதிர்வுகள் பிறக்கும். மேலைநாட்டு இசைவாணர் தம் கருவிகளைச் சுருதி கூட்டிக்கொள்ளும் ஒலி அதுவே. வகுக்கும் எண் சிறுத்தால் சுருதி உயரும், பெருத்தால் தாழும்.

எனினும் அங்கே மின்னோட்டத்துக்கு 'உண்டு', 'இல்லை' என்னும் இரு நிலைகளே இருந்தன. ஒலிபெருக்கியின் கூம்பு ஒரேயடியாக முன்னே தள்ளப்படும். அல்லது பின்னே மீளும். மத்தளம் கொட்டுவோன் மெலிந்தும் வலிந்தும் தட்டுகின்ற நயம் இதற்குக் கைவரவில்லை. (நிரல் எழுதுவோருள் வல்லவர் சிலர் இவ்விரு நிலைகளையும் மிக விரைவாக மாற்றி மாற்றி இயக்கி, மனிதப் பேச்சையே இதிலிருந்து எழுப்பிக் காட்டினர். அவர்தம் பொறுமை வியத்தற்குரியது.)

இச்சிறு குரலுக்கு ஒரு சொல்லே தெரியும். அதனையே குறிலாகவும் நெடிலாகவும் ஒலித்து அது தன் கருத்தை உணர்த்தும். ஐ.பி.எம். பொறியில் குறில் ஒன்று கேட்டால் யாவும் நலம் என்பது பொருள். ஒரு நெடிலும் இரு குறிலும் கேட்டால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதியில் பழுது உண்டு என்பது பொருள். திரையே இருண்டு கிடக்கும்போது வேறு எவ்வாறுதான் பொறி தன் குறையைச் சொல்லும்?

1989-ஆம் ஆண்டில் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனத்தார் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையை வெளியிட்டனர். இத்தகைய அட்டைகள் பரவிய பின்னர், நல்லொலி யாவும் வெளி ஒலிபெருக்கிகளுக்குச் சென்றது. 'பீப்' மட்டும் பெட்டிக்குள்ளேயே நின்றது. பெட்டி மேசைக்கடியில் இருந்தாலும், அறையில் இரைச்சல் மிகுந்தாலும், வேலை செய்வோர் செவியில் காதொலிப்பான் மாட்டியிருந்தாலும் அது கேட்பதில்லை. ஆகவே அதனையும் வெளி ஒலிபெருக்கிக்குக் கொண்டுசெல்ல வழி தேடினர்.

முதல் வழி கம்பி. ஒலி அட்டைகள் சிலவற்றில் இதற்கென்றே இரு ஊசிமுனைகள் இருந்தன. தாய்ப்பலகையின் ஒலிபெருக்கி முனையிலிருந்து அவற்றுக்கு இணைப்புக் கொடுத்தால், சிறு குரலும் பாட்டோடு கலந்து வெளியே கேட்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. தாய்ப்பலகையிலுள்ள அம்முனைகளுள் ஒன்றில் 5 வோல்ட் மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். வெளி ஒலிபெருக்கியின் கம்பியைத் துண்டித்து நேரே அங்குச் செருகுவோமென்று துணிந்தால், அக்கம்பியின் தரையிணைப்பு அந்த 5 வோல்ட்டைத் தீண்டக்கூடும். அவ்வாறு தீண்டின் குறுக்கோட்டம் ஏற்பட்டுப் பலகைக்கே கேடு விளையும். அன்றியும், ஒலிபெருக்கிப் பெட்டிகளின் உள்வாய் ஏறத்தாழ 1 வோல்ட் அளவுள்ள மென்மையான ஒலிமின்னுக்கே உரியது. எனவே உரிய வாய் இல்லாத இடத்தில் இம்முயற்சி வேண்டா.

இரண்டாம் வழியைச் சில்லு செய்வோரே வகுத்தனர். 1997-ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட ஏ.சி.97 என்னும் ஒலி நெறிமுறையில், சில்லுக்கு 'பீப்' ஒலியை வாங்கும் தனி முனை ஒன்று வைக்கப்பட்டது. சில்லு இன்னும் முழுதும் விழித்தெழாத தொடக்க நிலையிலேயே அவ்வொலியை வெளியே விடுமாறு அதனை அமைத்தது மிகக் கூரிய அறிவு. பழுதுக்குறிப்பு கேளாமற் போகலாகாது என்பதே அதன் நோக்கம்.

மூன்றாவது, இயக்க முறைமை தானே செய்வது. விண்டோஸ் விஸ்டாவின் 64 பிட் பதிப்பில் சிறு ஒலிபெருக்கிக்குரிய ஆதரவு கைவிடப்பட்டது. பின்னர், 2009-இல் வந்த விண்டோஸ் 7, நிரல்கள் எழுப்பும் 'பீப்' ஒலியை வழக்கமான ஒலிக்கருவிக்கே அனுப்புமாறு திருத்தி எழுதப்பட்டது. லினக்ஸ் முறைமையிலோ, ஆல்சாமிக்சர் என்னும் கட்டுப்பாட்டுத் திரையில் 'பீப்' என்று பெயரிட்ட அளவுகோல் ஒன்று பல பொறிகளில் காணப்படும். அது அடைத்துக் கிடந்தால் திறந்து உயர்த்துதல் வேண்டும்.

ஆனால் இம்மூன்றாம் வழிக்கு ஒரு குறையுண்டு. இயக்க முறைமை எழுந்த பின்னரே அது வேலை செய்யும். எழுவதற்கு முன் பொறி சொல்வது அவ்வழியே வாராது. இக்குறை யாரை மிகுதியும் வருத்தும்? பார்வையற்றோரை. டெபியன் என்னும் லினக்ஸ் வகையைப் பொறியில் நிறுவும்போது, முதற் பட்டியல் ஆயத்தமானவுடன் 'பீப்' ஒலி எழும். பழைய தொடக்க முறையில் ஒருமுறை, புதிய முறையில் இருமுறை. அதனைக் கேட்டவுடன் 'எஸ்' என்னும் விசையையும் அதன்பின் உள்ளீட்டு விசையையும் அழுத்தினால், பொறி திரையிலுள்ளவற்றை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கும். பார்வையற்ற ஒருவர் பிறர் துணையின்றித் தம் பொறியைத் தாமே அமைத்துக்கொள்ள அந்த ஓரொலியே வாயில். அது கேளாவிடின், எப்போது அழுத்துவது என்றறியாது இருட்டில் காத்திருக்க நேரும்.

இக்காலத்து மேசைப் பொறிகள் பலவற்றில் உள் ஒலிபெருக்கி வைக்கப்படுவதில்லை. எனினும் அதற்குரிய நான்கு ஊசியிட இணைப்பு மட்டும் பல தாய்ப்பலகைகளில் இன்றும் உள்ளது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள சிறு ஒலிப்பான் ஒன்றை வாங்கி, மின்சாரத்தை நிறுத்தியபின் அதிற் செருகிவிடலாம். வெளி ஒலிபெருக்கிகள் பாட்டுக்கு இருக்க, பொறி எழும் நேரத்துக்கு அது இருக்கும்.