மேனேஜ்டு ஸ்விட்சில் இணைத்த மெஷ் வைஃபை: கோளாறு கண்டறியும் முறை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ பேட்டையிலும் வழக்கமாகக் காணும் தொழிற்கூட அமைப்பு இது: முன்னால் அலுவலகம், பின்னால் தகடு வேய்ந்த ஷெட்டுகள், வாயிலருகே எடைமேடை. தகட்டையும் இரும்புத் தூண்களையும் தாண்டி வைஃபை அலை தெம்போடு போய்ச் சேராது. அதனால் ஒவ்வொரு மெஷ் நோடுக்கும் கேபிள் இழுத்து ஸ்விட்ச் வழியாக இணைப்பதே இங்கே சரியான முறை. அப்படி இழுத்த பிறகும் ஷெட்டுக்குள் நெட் ஊர்ந்தாலோ, அலுவலகம் மொத்தமும் திடீரென முடங்கினாலோ, கீழ்க்கண்ட வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் கேபிள். ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தில், நோடு செருகிய போர்ட் 1 ஜிகாபிட் வேகத்தில் நிற்கிறதா, சிஆர்சி பிழைகள் ஏறுகின்றனவா என்று பார்க்கலாம். 100 மெகாபிட்டில் நின்றால், பெரும்பாலும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும் அல்லது கிரிம்பிங் சரியிருக்காது. அந்த வேகத்துக்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் விழும். விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினியக் கேபிளைப் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும்; அதை வைத்துக்கொண்டு வேறெதைச் சோதித்தாலும் நேரம் வீண். 100 மீட்டரைத் தாண்டும் எடைமேடைக்கும், தனி எர்த்திங் உள்ள ஷெட்டுக்கும் ஃபைபர்தான். இண்டக்ஷன் உலை ஓடும் உருக்காலைகளில் தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபரே நல்லது. உலையின் மின்காந்த இரைச்சலும் ஐப்பசி மின்னலும் கண்ணாடி இழையில் ஏறுவதில்லை.

அடுத்து, எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்பது. தலைமை நோடு ரவுட்டராக வேலை செய்தால், மோடம், தலைமை நோடு, ஸ்விட்ச், மற்ற நோடுகள் என்ற வரிசை மாறக் கூடாது. மோடத்தை நேரே ஸ்விட்சில் செருகி எல்லா நோடுகளையும் அதிலேயே தொங்கவிட்டால், மற்ற நோடுகள் தலைமை நோடின் வெளிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் சிக்கல் தீரவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் லூப். மெஷ் நோடு என்பது கேபிளையும் ரேடியோவையும் ஒன்றாகச் சேர்க்கும் பிரிட்ஜ். கேபிள் வழியாகத் தலைமை நோடைக் கண்டுகொண்டால் அது காற்றுவழி இணைப்பைக் கைவிடும். இந்தக் கண்டுகொள்ளலுக்குப் பல மெஷ்கள் ஐஇஇஇ 1905.1 நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் செய்திகள் 01-80-சி2-00-00-13 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குச் செல்பவை. சில மேனேஜ்டு ஸ்விட்சுகள் அவற்றை அடுத்த போர்ட்டுக்கு விடாமல் விழுங்கிவிடும். நோடு, கேபிள் இல்லை என்று எண்ணி ரேடியோவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கேபிளிலும் தகவல் ஓடிக்கொண்டிருக்கும். லூப் உருவாவது இப்படித்தான்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சுருக்கு வழி உண்டு. மேனேஜ்டு ஸ்விட்சை ஒதுக்கிவிட்டு, தலைமை நோடையும் இன்னொரு நோடையும் மலிவான சாதாரண ஸ்விட்சில் செருக வேண்டும். இப்போது மெஷ் செயலியில் அந்த நோடு ஈதர்நெட் என்று காட்டினால், குற்றவாளி மேனேஜ்டு ஸ்விட்ச்தான். அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, நோடுகள் இருக்கும் விஎலேனில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கையும் மல்டிகாஸ்ட் வடிகட்டலையும் அணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் தேறவில்லை என்றால் காற்றுவழி இணைப்பை அணைக்கும் வசதி நோடில் உண்டா என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் ஸ்விட்சை மாற்றுவதே வழி.

லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. கேட்கவே கூடாது. அது அணைந்த நிலையில் லூப் உருவானால் பிராட்காஸ்ட் வெள்ளத்தில் பில்லிங் முதல் கேமரா வரை எல்லாமே நிற்கும். ஸ்பேனிங் ட்ரீ இருக்கட்டும்; அது சரியான பாதையைத் தேர்கிறதா என்பதே கேள்வி. 1 ஜிகாபிட் இணைப்பின் செலவு பழைய கணக்கில் 4, புதிய கணக்கில் 20,000. மெஷ் நோடு பழைய கணக்கிலும் ஸ்விட்ச் புதிய கணக்கிலும் இருந்தால் முடிவு தலைகீழாகும். உதாரணமாக, அலுவலக ஸ்விட்ச்தான் ரூட். அங்கிருந்து ஷெட் ஸ்விட்ச் வழியாக ஷெட் நோடுக்கு வரும் பாதையின் செலவு 20,004. தலைமை நோடிலிருந்து காற்றில் வருவது, தலைமை நோடின் கேபிளுக்கு 4, ரேடியோவுக்கு 100 என்று வைத்தால், வெறும் 104. நோடு காற்றையே தேரும். ஷெட் ஸ்விட்சில் அந்த நோடின் போர்ட் ஆல்டர்னேட் என்று அடைபட்டிருக்கும். எல்லா ஸ்விட்சிலும் பழைய கணக்கை, அதாவது ஷார்ட் முறையை, வைத்தால் கேபிள் 8, காற்று 104. கூடவே அலுவலக ஸ்விட்சின் முன்னுரிமையை 4096 ஆக்க வேண்டும். எல்லாம் 32768-இல் கிடந்தால் ஏதாவதொரு நோடே ரூட்டாகிவிடலாம்.

நோடு செருகிய போர்ட்டில் பிபிடியு கார்டு கூடாது. நோடு ஒரு பிபிடியுவை, அதாவது ஸ்பேனிங் ட்ரீ செய்தியை, அனுப்பியதும் போர்ட் மூடிக்கொள்ளும். விருந்தினர் வைஃபையில் மட்டும் ஐபி கிடைக்கவில்லை என்றால், அந்த விஎலேன் நோடின் போர்ட்டிலும் ஸ்விட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளிலும் டேக்குடன் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லோருக்குமே ஐபி கிடைக்காவிட்டால் டிஎச்சிபி ஸ்னூப்பிங் காரணமாக இருக்கலாம். ரவுட்டர் இருக்கும் திசையின் போர்ட்டை நம்பகமானது என்று குறித்தால் தீரும்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். கடைசியாக ஸ்விட்ச் அமைப்பைச் சேமித்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, எல்லா நோடுகளும் ஈதர்நெட்டில் திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். சேமிக்காத அமைப்பு அடுத்த மின்வெட்டில் அழிந்து, பழைய கோளாறே திரும்ப வரும்.