மலை ஒரே வாரத்தில் சிவப்பதில்லை

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடரில் செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை சாலைகளில் கார்கள் ஊர்ந்துதான் போகும். மேப்பிள், பர்ச், பீச், ஹிக்கரி, ஓக் என்று அடர்ந்த காடு நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டம் அது. எந்த ஊரில் எந்த வாரம் உச்சம் என்று சொல்லும் வரைபடங்கள் ஆண்டுதோறும் வெளியாகின்றன. கூடவே சில கதைகளும் சுற்றிவருகின்றன. அங்கே பிள்ளைகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் பெற்றோர்கூட அவற்றில் இரண்டொன்றைக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

நம்பிக்கை: உறைபனி விழுந்தால்தான் இலை நிறம் மாறும்.

மரத்துக்கு முதல் சேதி சொல்வது பெரும்பாலும் குளிர் அல்ல, சுருங்கிவரும் பகல். வெப்பநிலை அந்த வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். கடும் உறைபனி முன்கூட்டியே வந்துவிட்டால் இலையின் செல்கள் செத்துவிடும். பாதி நிறம் ஏறிய இலை கருகிப் பழுப்பாகி உதிரும். நல்ல சிவப்புக்கு வெயிலடிக்கும் பகலும், உறைநிலையைத் தொடாத குளிர்ந்த இரவும் வேண்டும். உறைபனிக்குப் பெருமை சேர்ப்பது, பந்தியைக் கலைத்தவனைச் சமையல்காரன் என்று புகழ்வது போல.

நம்பிக்கை: எல்லா நிறமும் இலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, பச்சை விலகினால் தெரிகிறது.

இது பாதிதான் சரி. பர்ச், ஹிக்கரி, டூலிப் பாப்ளார் இலைகளின் மஞ்சளுக்குப் பொருந்தும். அது கரோட்டினாய்டு என்னும் நிறமி; கோடை முழுக்கப் பச்சையத்தோடு சேர்ந்து வேலை செய்தது, பச்சையம் குறைந்ததும் கண்ணில் படுகிறது. சிவப்பு அப்படியல்ல. செம்மேப்பிளின் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின், பெரும்பகுதி அந்தப் பருவத்தில்தான் உற்பத்தியாகிறது. இன்னும் சில நாளில் உதிரப்போகும் இலையில், கையிலிருக்கும் சர்க்கரையைச் செலவழித்து மரம் ஏன் புதுச்சாயம் தயாரிக்க வேண்டும்?

இலையுதிர்காலத்தில் உண்மையில் நடப்பது மீட்பு வேலை. ஒளிச்சேர்க்கைக் கருவிகளில் நைட்ரஜன் நிறைய முடங்கிக் கிடக்கிறது. குளிர்காலத்துக்கு முன் அதில் ஏறக்குறைய பாதியை மரம் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இதில் பச்சையம் ஒரு தொல்லை. கருவிகளிலிருந்து பிரிந்த பிறகும் அது ஒளியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றல் போக வழியில்லாமல் செல்லையே சிதைக்கும். அதனால் இலை அதைச் சும்மா மங்க விடுவதில்லை, படிப்படியாக உடைத்துத் தீங்கற்றதாக்குகிறது. இப்படி உடைந்து கிடைக்கும் நிறமற்ற பொருளொன்றின் அமைப்பை பெர்ன்ஹார்ட் க்ராய்ட்லர், ஃபிலிப் மாட்டீல் குழுவினர் 1991-ல் பார்லி இலையில் கண்டு சொன்னார்கள். அதுவரை பச்சையம் எங்கே போகிறது என்பதே புதிராக இருந்தது.

மீட்பு முடியும்வரை இலையை வெயிலிலிருந்து காக்கும் திரைதான் சிவப்பு என்பது ஒரு விளக்கம். 'இது எதிர்ப்புச் சக்தியுள்ள மரம்' என்று அசுவினிப் பூச்சிகளை எச்சரிக்கும் அறிவிப்பு என்று வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரவுனும் 2001-ல் வேறொரு விளக்கம் தந்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. என் ஓட்டு திரைக்கு. நம் ஊர் மாந்தளிரின் செம்பழுப்பும் ஆந்தோசயனின்தான்; இன்னும் முதிராத அந்த இலைக்கும் வெயில் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

நம்பிக்கை: உச்ச வாரம் என்று ஒன்று உண்டு, அதைத் தவறவிட்டால் அவ்வளவுதான்.

விடுதிக்காரர்களுக்கு வசதியான நம்பிக்கை. கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அதன் தாழ்ந்த பகுதி சுமார் 270 மீட்டர் உயரத்தில். உச்சியான குவோஹி 2,025 மீட்டரில். உள்ளூர் மர வகைகள் மட்டும் 100-க்கு மேல். செப்டம்பர் நடுவிலேயே மேலே பர்ச்சும் பீச்சும் மஞ்சளாகத் தொடங்கிவிடும். நவம்பர் தொடக்கத்திலும் கீழே ஓக்கும் மேப்பிளும் நிறத்தோடு நிற்கும். வசந்தத்தில் அடிவாரத்திலிருந்து மேலேறிய பச்சை, இப்போது உச்சியிலிருந்து கீழிறங்குகிறது. அதுவும் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குவதால், பள்ளம் சில சமயம் நடுச்சரிவை முந்திக்கொள்ளும். கடும் வறட்சியில் வாடிய மரம் யாருக்கும் காத்திராமல் முன்பே உதிர்த்துவிடும்.

பொறுமையாகக் கண்காணிப்பவர்களின் கணக்கு வேறு. நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் உள்ள ஹப்பர்டு புரூக் ஆய்வுக் காட்டில் 1989 முதல் சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பர்ச் மரங்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 4 என்றால் முழுப் பச்சை, 0 என்றால் மொட்டைக் கிளை. உச்சம் என்று தனிக் கட்டம் கிடையாது, மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருவதுதான் பதிவு. அதே மலைகளில் பார்ட்லெட் ஆய்வுக் காட்டின் கோபுரத்தில் 2005-ல் கேமரா வைத்தார்கள். ஆண்ட்ரூ ரிச்சர்ட்சன் வழிநடத்தும் ஃபீனோகேம் வலையமைப்பில் இன்று இத்தகைய கேமராக்கள் பல நூறு. பெரும்பாலானவை அரைமணிக்கு ஒரு படம் எடுக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கூட்டுத்தொகையில் பச்சையின் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொரு படத்திலும் கணக்கிடுவார்கள். பச்சை குறைவதை இந்தக் கணக்கு துல்லியமாகப் பிடிக்கும். ஆனால் நம் கண்ணுக்கு மலை மிக அழகாகத் தெரியும் நாளும் இந்தக் கணக்கு காட்டும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. செயற்கைக்கோளுக்கு இன்னொரு சங்கடம்: பல சமயம் நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள அதன் படத்தின் ஒரு கட்டத்துக்குள் செங்குத்தான மலையின் இரண்டு மூன்று உயரங்கள் அடங்கிவிடும்.

நம்பிக்கை: பூமி சூடாவதால் நிறமாற்றம் தள்ளிக்கொண்டே போகும்.

பல இடங்களில் தள்ளித்தான் போயிருக்கிறது. ஆனால் ஐரோப்பிய மரங்களின் பதிவுகளை வைத்து 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, கோடையில் மரம் அதிகமாக உழைத்தால் இலை சீக்கிரமே முதுமையடைகிறது என்று காட்டியது. 2023-ல் அதே இதழில் வந்த இன்னொன்று நாட்காட்டியில் ஒரு கோடு கிழித்தது. ஜூன் 21-ஐ ஒட்டி வரும் மிக நீண்ட பகலுக்கு முன் நிலவும் வெப்பம் முதுமையின் தொடக்கத்தை முன்னே இழுக்கிறது. அதற்குப் பிந்தைய வெப்பம் முதுமை பரவும் வேகத்தைத் தளர்த்துகிறது. தொடக்கம் முன்னேயும் முடிவு பின்னேயும் போனால் நிறமாற்றப் பருவம் இரு பக்கமும் நீளும். 'அக்டோபர் 12, உச்சம்' என்று ஆண்டுக்கு ஒரே ஒரு தேதியைக் குறித்து வைப்பவரின் நோட்டில் இந்த மாற்றம் பதிவாகவே ஆகாது.