மூடிய அறையில் எரியும் நெருப்பு

பனிக்காலம் தொடங்கியதும் உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் கேஸ் ஹீட்டரும் கரியடுப்பும் படுக்கையறைக்குள் வந்துவிடுகின்றன. சமவெளி வீடுகளில் குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிகிறது. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

சமையல் எரிவாயுவில் உள்ள புரொப்பேன் ஒரு பங்கு முழுமையாக எரிய, ஏறத்தாழ 24 பங்கு காற்று வேண்டும். மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உருவாகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசியும்போது நாம் உணரும் நாற்றம், எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படுவது. அந்த நாற்றம் இல்லாததாலேயே அறை பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகியன முதல் அறிகுறிகள். வீட்டில் பலருக்கு இவை ஒருசேரத் தோன்றி, வெளியே வந்ததும் தணிந்தால் உடனே ஐயுற வேண்டும். உறங்குபவர் எதையும் உணராமலே நினைவிழக்கலாம். கருவிலுள்ள குழந்தைக்கும் இதய நோயாளிகளுக்கும் கேடு மிகுதி.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. கரியடுப்பை எக்காரணத்தாலும் அறைக்குள் வைக்க வேண்டாம்.
2. ஹீட்டர் எரியும் நேரம் முழுவதும் காற்று உள்ளே வரவும் வெளியேறவும் வழி இருக்கட்டும். உறங்கும் முன் அணைத்துவிடுங்கள்.
3. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள்.
4. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக மாறினால், அணைத்துவிட்டுப் பழுது பார்க்கச் செய்யுங்கள்.
5. கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் ஒலிப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். அது காற்றோட்டத்துக்கு மாற்றன்று.

எவரேனும் மயங்கிக் கிடந்தால், மூச்சை அடக்கியபடி கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளியே கொணர்ந்து, 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்நிலையிலும் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரமாகும். தூய ஆக்ஸிஜன் அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.

மருத்துவமனைக்கு வந்ததும், “மூடிய அறையில் நெருப்பு எரிந்தது” என்று முதலில் சொல்லுங்கள். நோயைக் கண்டறிய எங்களுக்குப் பெரிதும் உதவுவது அந்த ஒரு வாக்கியமே.